மெக்சிக்கோக்காரன் செய்த சூரன்

மொன்றியலின் பார்க் எக்ஸ்டென்ஷனில் நாங்கள் குடியிருந்த கட்டடத்தின் நிலக்கீழ் அறையில் ஒரு மெக்சிக்கோக்காரன் இருந்தான். கிழித்த பேப்பரிலும் பழப்பெட்டிப் பலகையிலும் மிருகங்கள் செய்வான். மிருகம் என்பது ஒரு பேச்சுக்குத்தான். பல்லியின் உடம்பு, சேவலின் கொண்டை, வௌவாலின் சிறகு, நாயின் பல், மீனின் செதில் எல்லாம் ஒன்றிலேயே இருக்கும். செதிலுக்குச் செதில் வேறு நிறம், அதற்குள் ஒரு புள்ளி, அந்தப் புள்ளிக்குள் இன்னொரு புள்ளி. முதல்முறை அந்த அறைக்குள் எட்டிப் பார்த்தபோது எனக்குப் பயம் வரவில்லை, கோபம்தான் வந்தது. நிஜப் பேய்களைப் பார்த்துவிட்டு உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி வந்தவர்கள் நாங்கள். இவன் என்னடா என்றால் மினக்கெட்டிருந்து பேய் செய்கிறான்.

அதற்கு அவன் சொன்ன பெயர் அலெப்ரிஹே. என் தம்பியின் வாயில் அது நுழையவில்லை. "அலறி" என்றான். வாயைப் பிளந்து நாக்கை நீட்டிக்கொண்டு நிற்கிறதுகளுக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் கிடையாது. கட்டடம் முழுக்க அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

தம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் குடும்பத்தில் வாயைவிடக் கைக்குத்தான் வேகம் அதிகம். நானும் அப்படித்தான், சின்ன வயதில் அகப்பையால் எறிந்து அடுத்த வீட்டுக்காரரின் புருவத்தைக் கிழித்தவள். ஆனால் தம்பியின் கை முன்பு அப்படியில்லை. இராணுவ முகாமுக்குள் வைத்திருந்துவிட்டு அவனை வெளியே விட்ட பிறகுதான் அது அவனுடைய பேச்சைக் கேட்காமல் போனது. என்ன செய்தார்கள் என்று அவன் சொன்னதில்லை. முதுகைப் பார்த்தவள் என்பதால் நான் கேட்டதுமில்லை. மொன்றியலுக்கு வந்து கோப்பை கழுவப் போன இடத்தில், பின்னாலிருந்து தோளில் தட்டிய சமையற்காரனைத் திரும்பிப் பார்க்காமலே இரும்புச் சட்டியால் அடித்தான். சமையற்காரனுக்குத் தாடை உடைந்தது. முதலாளி பதிவில்லாமல் ஆள் வைத்திருந்தவர், அதனால் விஷயம் வெளியே போகவில்லை.

எனக்கு அப்போது அகதி அந்தஸ்து கிடைத்துவிட்டது. அவனுடைய விசாரணை மட்டும் மீதி. எங்கள் வழக்கறிஞர் பெண் மேசையில் விரலால் தட்டித் தட்டிச் சொன்னாள். ஒரு சின்னச் சண்டை போதும், போலீசில் ஒரு தடவை பெயர் பதிந்தால் போதும், பிறகு விசாரணையில் அவனுக்காக எதைச் சொல்லியும் பயனில்லை, திருப்பி அனுப்பிவிடுவார்கள். திருப்பி அனுப்புவது என்றால் எந்த இடத்துக்கு, யாருடைய கைக்கு என்று எனக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. அன்றிலிருந்து அவனுடைய கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். சாப்பிடும்போதும், கதவு திறக்கும்போதும், அவன் சும்மா இருக்கும்போதும்.

அந்தக் கைக்கு வேலை கொடுத்தவன் மெக்சிக்கோக்காரன். மூலைக்கடை டெப்பனரில் விற்காமல் மிஞ்சிய பிரெஞ்சுப் பேப்பர்களைக் கட்டாகக் கட்டிக் கொண்டு வருவான். தம்பி கீழே போய் அவற்றைக் கிழிப்பான். ஜான்-டலோன் சந்தையிலிருந்து அவன் தூக்கி வரும் பெட்டிகளைத் தம்பி காலால் உதைத்துப் பிரிப்பான். ஒருவருக்கு மற்றவருடைய மொழி தெரியாது, அதனால் இருவருக்கும் ஒரு குறையுமில்லை. பலகையில் ஆணி அடித்து, கம்பி வளைத்து, மா காய்ச்சிய பசையில் பேப்பரை ஊறவைத்து, அறைகிற மாதிரித்தான் தம்பி ஒட்டுவான். அந்தச் சத்தம் எங்கள் குசினி வரைக்கும் கேட்கும். தொடக்கத்தில் ஒவ்வொரு சத்தத்துக்கும் நான் கீழே ஓடிப் பார்ப்பேன்.

ஒருநாள் நான் போனபோது சத்தமே இல்லை. தம்பியின் கையில் மரம் செதுக்குகிற கத்தி. நிலத்தில் ஓர் அலறியின் தலை. நிறம் பூசி முடித்துக் காய வைத்திருந்தது அது, பல நாள் வேலை. தம்பி அதன் கழுத்தை வெட்டியிருந்தான்.

"என்னடா செய்தனீ?"

"அது என்னையே பாத்துக்கொண்டு நிண்டது அக்கா."

மெக்சிக்கோக்காரன் தம்பியின் கத்தியைப் பார்த்தான், முகத்தைப் பார்த்தான். பிறகு குனிந்து தலையை எடுத்து, பக்கத்தில் நின்ற இன்னோர் உடம்பில், ஆமை ஓடு மாதிரி ஒன்று, அதன் கழுத்தில் வைத்துப் பார்த்தான். பிடித்துவிட்டது போல. விழுந்து விழுந்து சிரித்தான். தம்பியும் சிரித்தான். அவன் சிரித்து நான் பார்த்து வெகுகாலம். அந்த ஒரு காரணத்துக்காக அந்த மனுசன் எனக்கு வேண்டியவனாகிப் போனான்.

தலையை மாற்றலாம் என்ற கதையை எங்கள் சங்கத்து அண்ணையிடம் நான்தான் சிரித்துக்கொண்டு சொன்னேன். அண்ணை ஊரில் ஸ்டேசன் மாஸ்டராக இருந்தவர். ஆறடி உயரம், ரயிலை நிறுத்துகிற குரல். இங்கே அந்தக் குரலுக்கு ரயில் கிடைக்காததால் எங்களை வைத்து ஓட்டிக்கொண்டிருந்தார். அப்போது மொன்றியலில் எங்களுக்குக் கோயில் இல்லை. ஒரு தேவாலயத்தின் கீழ்மண்டபத்தை ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரங்களில் வாடகைக்கு எடுத்து, முருகன் படத்தைக் கதிரையில் வைத்துக் கும்பிடுவோம். அந்த வருடம் கந்தசஷ்டிக்குச் சூரன்போர் நடத்தியே தீருவது என்று அண்ணை ஒற்றைக்காலில் நின்றார். சூரன்தான் இல்லை. ஊர்ச் சூரனுக்கு முதலில் யானைத்தலை, பிறகு சிங்கத்தலை, கடைசியில் அவனுடைய சொந்தத் தலை என்று ஒவ்வொன்றாக மாறவேண்டும்.

"தங்கச்சி, உவனட்டை என்னைக் கூட்டிக்கொண்டு போங்கோ," என்றார்.

நிலக்கீழ் அறையில் நாங்கள் மூன்று பேரும் நின்றோம். மெக்சிக்கோக்காரனுக்குப் பிரெஞ்சு தெரியும், ஆங்கிலம் தெரியாது. அண்ணைக்குப் பிரெஞ்சு தெரியாது. என்னுடைய பிரெஞ்சு தையல் ஆலையில் பொறுக்கியது, ஊசி, நூல், வேகமாய், நாளைக்கு வா, இவ்வளவுதான். யானை, சிங்கம் இரண்டையும் அண்ணை நடித்தே காட்டினார். மெக்சிக்கோக்காரன் கன்னத்தில் பென்சிலை வைத்துக்கொண்டு கண் இமைக்காமல் பார்த்தான். எத்தனை பல், என்ன நிறம், எவ்வளவு உயரம் எல்லாம் கையாலேயே முடிவானது.

"முடிவிலை அவனைக் கொல்லுறது. அதைச் சொல்லுங்கோ."

கடைசியில் செத்துப்போவான் என்று பிரெஞ்சில் சொன்னேன். உண்மையில் எங்கள் சூரன் சாவதில்லை. மாமரமாகி, வேல் பட்டு இரண்டாகப் பிளந்து, சேவலும் மயிலுமாக மாறி முருகனிடமே சேர்ந்துவிடுகிறான். ஊசி நூல் பிரெஞ்சை வைத்துக்கொண்டு இதை யார் சொல்வது?

எப்படிச் சாவான் என்று அவன் கேட்டான். வேலுக்குப் பிரெஞ்சில் என்னவென்று நான் முழிசிக்கொண்டு நிற்க, அண்ணை மூலையில் இருந்த, நிலம் கூட்டுகிற தும்புத்தடியை எடுத்தார். "இஞ்சை பார்," என்று அதைத் தன் நெஞ்சில் தானே குத்தி, "டமார்" என்று கத்தி, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஈரப் பேப்பர்க் குவியலில் மல்லாக்க விழுந்தார். ஸ்டேசன் மாஸ்டர் விழுந்ததில் கட்டடம் அதிர்ந்தது.

மெக்சிக்கோக்காரனின் முகம் விளக்குப் போட்டதுபோல் ஆனது. "ஹூதாஸ்," என்றான். "ஹூதாஸ், ஹூதாஸ்." தன் நெஞ்சிலும் கையை வைத்து, அண்ணையைப் போலவே விரித்து, "பூம்" என்றான்.

"ஆரைச் சொல்லுறான்?" என்று கேட்டேன்.

அண்ணை மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவர். பேப்பரைத் தட்டிக்கொண்டு எழும்பினார். "யூதாசைச் சொல்லுறான். யேசுவைக் காட்டிக் குடுத்தவன். ஓம், ஓம், யூதாஸ் மாதிரித்தான். கெட்டவன். ரெண்டும் ஒண்டுதான்."

இருவரும் கை குலுக்கிக்கொண்டார்கள்.

ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை, அவனுடைய ஊரில் தெருவுக்குத் தெரு பேப்பர் யூதாசைக் கட்டித் தொங்கவிட்டு, உடம்பு முழுக்க வெடி கட்டிக் கொளுத்துவார்கள் என்பது எங்களுக்கு எப்படித் தெரியும்? அவன் சீனர் தெருவில் போய்ச் சரம் சரமாகச் சீனவெடி வாங்கிய விஷயமும் எங்களுக்குத் தெரியாது. தம்பிக்குக்கூடத் தெரியாது. சூரனின் முதுகை அவன் தனியாகக் கதவைச் சாத்திக்கொண்டு செய்தான். அதைத்தான் எங்களுக்கென்று ஒளித்து வைத்திருந்தான்.

சூரன் வந்தான். மண்டபத்து வாசலில் நுழையாமல் சரித்துத்தான் உள்ளே எடுத்தார்கள். ஊரில் நான் பார்த்த எந்தச் சூரனும் அப்படி இல்லை. ஊதா உடம்பு, முழங்கால்களில் கண்கள், விரல் நுனிகளில் சின்னச் சின்ன வாய்கள், ஒவ்வொரு வாயிலும் பல். சனம் முதலில் வாயைப் பொத்தியது, பிறகு கைதட்டியது. மெக்சிக்கோக்காரன் வெள்ளைச் சட்டை போட்டு, தலைக்கு எண்ணெய் வைத்துப் படிய வாரி, கலியாண வீட்டுக்கு வந்தவன் மாதிரி நின்றான். ஒரு கிழவி அவனுக்கும் நெற்றியில் திருநீறு பூசினாள்.

மண்டபத்தின் கூரை பதிவானது, தலைக்கு மேலே குழாய்கள் ஓடின. அதற்குள் ஊரில் பாதி இருந்தது. கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள், கதிரைகளுக்கு இடையில் ஓடிப் பிடித்து விளையாடிய பிள்ளைகள். தம்பியும் இன்னும் மூன்று பொடியன்களும் சூரனைத் தோளில் தூக்கி ஆட்டினார்கள். அண்ணை முருகனுக்காக வேல் பிடித்தார். யானைத்தலை விழுந்தது, அரோகரா. சிங்கத்தலை விழுந்தது, அரோகரா. தம்பிக்கு வியர்த்து ஊற்றியது, ஆனால் முகத்தில் வெளிச்சம். அவனை அப்படிப் பார்க்க எனக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. இந்தப் பிள்ளை தப்பிவிடும் என்று நினைத்தேன்.

வேல் சூரனின் நெஞ்சைத் தொட்டது. நான் பக்கவாட்டில் நின்றதால் கண்டேன். மெக்சிக்கோக்காரன் சூரனின் முதுகுக்குக் கீழே குனிந்தான். கையில் லைட்டர்.

அதன் பிறகு நடந்ததைச் சத்தமாகத்தான் ஞாபகம் வைத்திருக்கிறேன். முதலில் ஒன்று, பிறகு தொடர்ச்சியாக, பதிந்த கூரைக்குள் ஒன்று பத்தாக. மெஷின் கன் அப்படித்தான் சத்தம் போடும். நான் யோசித்து விழவில்லை. என் வாய்க்குள் சீமெந்துத் தூள் இருந்தது, அவ்வளவுதான் தெரியும். ஒருவரும் கத்தவில்லை. அத்தனை சனமும் ஒரே மூச்சில் நிலத்தில் குப்புறக் கிடந்தது. கர்ப்பிணி பக்கவாட்டில் சுருண்டு கிடந்தாள். திருநீறு பூசிய கிழவி கதிரைக் காலைக் கட்டிப் பிடித்துக்கொண்டு கிடந்தாள்.

புகைக்குள்ளே ஒருவன் மட்டும் நின்றான். இரண்டு கைகளையும் மேலே தூக்கிக்கொண்டு, சிரித்துக்கொண்டு. சூரனின் தலை உருண்டு அவன் காலடியில் வந்து நின்றது. நிறப் பேப்பர்த் துண்டுகள் எங்கள் முதுகுகளில் கொட்டின. அவன் சுற்றிப் பார்த்தான். யாரும் கைதட்டவில்லை, யாரும் எழும்பவில்லை. சிரிப்பை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல் அது அவன் முகத்திலேயே கிடந்தது.

முதலில் எழும்பியவன் தம்பி. வெடி அவனுடைய காதடியில்தான் வெடித்தது. ஒரு பக்க முடி பொசுங்கியிருந்தது. சூரனைத் தூக்கிய தடியைக் கையில் எடுத்தான். அந்தக் கண்ணில் என் தம்பி இல்லை. முதல் அடி மெக்சிக்கோக்காரனின் முகத்தில். அவன் கையை முகத்துக்குக் கொண்டுபோக, இரண்டாவது அடி கையில். விரல் முறிகிற சத்தம் எனக்குக் கேட்டது. பிறகு எல்லோரும் எழும்பினார்கள். பயந்துபோன சனத்துக்கு அடிக்க ஓர் ஆள் கிடைத்தால் எப்படி அடிக்கும் என்று அன்றைக்குப் பார்த்தேன். செருப்பால், குத்துவிளக்கால், தேங்காயால். "ஆர் உன்னை அனுப்பினது?" என்று ஒருத்தர் தமிழில் கேட்டுக் கேட்டு உதைத்தார். அண்ணை, "விடுங்கோ, விடுங்கோடா," என்று கத்தினார். அந்தக் குரலுக்கு அன்றைக்கு ஒருவரும் நிற்கவில்லை.

மற்றவர்கள் அடித்துக் களைத்துவிடுவார்கள். தம்பி களைக்கமாட்டான். அவன் தடியை இரண்டு கையாலும் தலைக்கு மேலே ஓங்குவதைக் கண்டேன். அது இறங்கினால் மெக்சிக்கோக்காரன் இல்லை, தம்பியும் இல்லை. கூப்பிட்டால் கேட்கிற நிலையில் அவன் இல்லை. நான் மடக்குக் கதிரை ஒன்றை எடுத்தேன், இரும்புக் கதிரை. என்னிடம் இருந்த பலம் முழுவதையும் போட்டு என் தம்பியின் முதுகில் அடித்தேன். எந்த முதுகு என்று தெரிந்துகொண்டே அடித்தேன். அவன் முழங்காலில் விழுந்தான். திரும்பவும் அடித்தேன். தடி கையை விட்டுப் போனது.

மற்றவர்களும் அடிப்பதை நிறுத்தினார்கள். தம்பி நிலத்தில் கிடந்தபடி என்னைப் பார்த்து, "அடிக்காதேங்கோ, சொல்லுறன்," என்றான். யாரிடம் சொன்னான் என்று எனக்குத் தெரியும். என்னிடம் அல்ல.

மெக்சிக்கோக்காரன் எழும்பவில்லை. ஆம்புலன்சைக் கூப்பிட்டால் பின்னால் போலீஸ் வரும். ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டு ஓடிவிடலாம் என்று சிலர் சொன்னார்கள்.

"தம்பியின்ரை விசாரணை கிடக்கு தங்கச்சி, யோசியுங்கோ," என்றார் அண்ணை.

"யோசிச்சிட்டன். காரை எடுங்கோ."

வழி முழுக்க அவனுடைய தலை என் மடியில் இருந்தது. இரத்தம் என் கூறைச் சேலையில் ஊறியது. நெற்றியில் திருநீறு அழியாமல் இருந்தது. அண்ணை காருக்குள்ளேயே இருந்துவிட்டார், ஆஸ்பத்திரிக்குள் வர அவருக்குக் கால் வரவில்லை.

தையல் போட்டு, கைக்கு மாவுக்கட்டுப் போட்டு அவனைக் கட்டிலில் விட்டபோது தாதி போலீசுக்குச் சொல்லிவிட்டாள். வந்தவன் இளம்பொடியன், மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. யார் அடித்தது என்று பிரெஞ்சில் கேட்டான். நான் காரிலேயே தீர்மானித்துவிட்டேன். என்னைத் திருப்பி அனுப்ப முடியாது, சிறையில் போடட்டும். "நான்," என்றேன். அவன் என்னுடைய சேலையையும் கையையும் பார்த்துவிட்டுச் சிரித்தான். பிறகு மெக்சிக்கோக்காரனின் பக்கம் திரும்பினான்.

அவனுக்கு ஒரு கண்தான் திறந்திருந்தது. அந்தக் கண் என்னைப் பார்த்தது. என் தம்பியின் உயிர் அந்த வீங்கிய வாயில் இருந்தது. நான் முருகனைக் கூப்பிடவில்லை. எனக்கு அப்போது யார் மேலும் நம்பிக்கை இல்லை.

"வெடி," என்றான். "என்னுடைய வெடி. நானே கொளுத்தினேன். கையில் வெடித்தது. படியில் விழுந்தேன். நான் மடையன்."

பொடியனுக்கு நம்பிக்கை வரவில்லை. திரும்பவும் கேட்டான். திரும்பவும் அதே பதில். கடைசியில் தோளைக் குலுக்கிவிட்டுப் போய்விட்டான். அந்தப் பதிலால்தான் என் தம்பி இந்த நாட்டில் தங்கினான், விசாரணையில் அவனை ஏற்றுக்கொண்டார்கள். மெக்சிக்கோக்காரனின் இரண்டு விரல்கள் கடைசிவரைக்கும் நிமிரவில்லை. பனி உருகுவதற்கு முன்னமே அவன் அந்த அறையைக் காலி செய்துவிட்டுப் போனான். அவன் எங்கே போனான் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

அன்றைக்கு ஆஸ்பத்திரியில் நான் அவனிடம், "மேர்சி," என்றேன். அந்தப் பிரெஞ்சு நன்றியைத் திரும்பத் திரும்பச் சொன்னேன்.

"வேண்டாம்," என்றான். "உன் தம்பியின் பெயரைச் சொன்னால் என் பெயரையும் கேட்பான். எனக்கும் இங்கே இருக்கக் கடதாசி இல்லை."

அவனை அப்படிச் சொல்லவைத்தது நல்ல மனமா, பயமா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. எதுவாக இருந்தாலும் அவன் காலில் விழ நான் தயாராக இருந்தேன். எழும்பப் போனேன். அவன் கட்டுப் போடாத கையால் என் சேலைத் தலைப்பைப் பிடித்தான்.

"மதாம், ஏன் எல்லோரும் படுத்தீர்கள்?"

அந்த அடி வாங்கிக் கிடக்கும்போதும் இதைத்தான் அவன் யோசித்துக்கொண்டு கிடந்திருக்கிறான். எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் சொன்னேன். ராணுவம். ஹெலிகொப்டர். சுடுவார்கள். நிலத்தில் படுத்தால் சில நேரம் பிழைக்கலாம்.

"பிள்ளைகளும் படுத்தார்களே. சின்னப் பிள்ளைகள். அழவே இல்லை."

"அவர்கள்தான் முதலில் படுத்தார்கள்," என்றேன்.

திறந்திருந்த கண்ணிலிருந்து தண்ணீர் காதுக்குள் ஓடியது.

"எங்கள் ஊரில் ஹூதாஸ் வெடித்தால் பிள்ளைகள் அதை நோக்கி ஓடி வருவார்கள்," என்றான். "உங்கள் பிள்ளைகளும் ஓடி வருவார்கள் என்று நினைத்தேன். அதன் வயிற்றுக்குள் இனிப்பு வைத்திருந்தேன்."